ஏழுமடை சுமந்த எடை

நாளை விடிந்தால் தூக்கு என்றிருந்த மாடக்கண்ணுவைச் சிறை மருத்துவர் எடை பார்த்தபோது, தராசின் முள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. மருத்துவர் முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். தானே ஏறி நின்றார், முள் ஒழுங்காக ஓடியது. காவலர் ஒருவரை ஏற்றினார், ஓடியது. சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்து வைத்தார்கள், அதற்கும் ஓடியது. மறுபடி மாடக்கண்ணுவை ஏற்றினார்கள், யாருமே ஏறாத தராசைப் போல அது சும்மா நின்றது. ஆள் என்னவோ முழுசாகத்தான் இருந்தான். சோறு தின்றான், நிழல் விழுந்தது, விலங்கு மாட்டினால் கையில் மாட்டியது. மின்விசிறியைப் போட்டால் மட்டும் மெல்ல நகர்ந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினான்.

தூக்குப் போடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆளின் எடையைப் பார்த்துத்தான் கயிற்றின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அதே எடைக்கு ஒரு மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். நீளம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. எடையே இல்லாதவனுக்கு எத்தனை முழம் கயிறு, எத்தனை படி மணல் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. சிறைக் கண்காணிப்பாளர் பெற்ற தாய்க்குப் பயந்ததைவிட அந்தப் புத்தகத்துக்கு அதிகம் பயந்தவர். அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, மணலைத் திரும்பக் கொட்டச் சொல்லிவிட்டார்.

அதே காலையில் நகராட்சிக் குழாயடியில் குடத்தை நிரப்பி இடது இடுப்பில் வைக்கப்போன செண்பகவடிவுக்கு, அங்கே இடமில்லை என்று தெரிந்தது. குடம் உட்காரவில்லை. ஏற்கெனவே ஏதோ உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் படவில்லை, கையால் தடவினாலும் சேலைதான் இருந்தது. ஆனால் கனம் கனம்தான். அவள் குடத்தை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் சேதி வந்ததும் மகள் கோமுவின் படத்துக்கு ஏற்றுவதற்காகத் தேய்த்து வைத்திருந்த விளக்கு நடுவீட்டில் இருந்தது. சேதி வரவில்லை, விளக்கும் ஏறவில்லை.

சாகும்போது கோமுவுக்கு ஐந்து வயது. செண்பகவடிவு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிறவள். மண்டியில் மூட்டை தூக்குகிற மாடக்கண்ணு, குழந்தையின் காதில் கிடந்த தோட்டுக்காக அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டான். செய்தவன் அவன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனே ஒத்துக்கொண்டான். கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவனுக்குச் சாராயம் ஊற்றித் தைரியம் கொடுத்த நகைத்தரகன் பொன்னுலிங்கம், பெரிய வக்கீலாகப் பிடித்து வந்து வழக்கிலிருந்து தப்பி வெளியே நடந்துபோனான். நீதிமன்றத்தில் செண்பகவடிவு தலைமுடி அவிழ, “அவனத் தூக்குல போடுங்கய்யா” என்று கத்தியது வாசல்வரை கேட்டது. ஊரே அவளோடு சேர்ந்து கத்தியது.

எடை பார்த்த அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது, கனம் செண்பகவடிவுக்கு மட்டும் வரவில்லை, அன்று ஏழுமடை ஊரில் கண்விழித்த எல்லோருக்கும் வந்திருக்கிறது என்று. தீர்ப்பெழுதிய நீதிபதிக்கு வலது மணிக்கட்டில் வந்தது. அவரால் கரண்டியைத் தூக்க முடியவில்லை, மனைவி ஊட்டிவிட்டாள். அரசாங்கம் மாடக்கண்ணுவுக்காக வைத்துக்கொடுத்த இலவச வக்கீலுக்கு நாக்கில் வந்தது. கிணற்றடியில் குழந்தை அழுத சத்தத்தைக் கேட்டும், யார் வீட்டுப் பிள்ளையோ அடம்பிடிக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்ட தோட்டக்காரருக்கு இரண்டு காதிலும் வந்தது. மண்டி முதலாளி வைகுண்டம் அண்ணாச்சிக்கு முழங்காலில் வந்தது. செண்பகவடிவின் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் வந்தது. ஒன்றும் அறியாத பச்சைக்குழந்தைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கண்ணிமையில் வந்து, அவை அன்று கூடுதலாகத் தூங்கின.

முதல் சில நாட்கள் கயிற்றுக்கட்டில்கள் அறுந்தன, ஊஞ்சல்கள் இறங்கின, டவுன் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் மனுஷன் பழகவில்லை? ஆஸ்பத்திரியில் கனத்துக்கு என்று மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அது சளிக்கும் கேட்டது. கல்யாணத் தரகர்கள் பெண் நல்ல நிறம், பத்தாவது படிப்பு, கனம் உள்ளங்காலில்தான் வந்திருக்கிறது, வெளியே தெரியாது என்று சொல்லிப் பழகினார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் இது எதிர்க்கட்சியின் சதி என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் கனத்தை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை என்று மறியல் செய்தார்கள். டீக்கடையில் யாராவது உட்காரும்போது முனகினால், “என்னவே, மாடக்கண்ணு ஒக்காருதானா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கிறவனுக்கும் எழுந்திருக்கும்போது முனகல் வந்தது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். முப்பிடாதி அம்மன் கோயில் பூசாரி மட்டும் அடித்துச் சொன்னார்: மாடக்கண்ணுவின் அக்கா உலகம்மை, தம்பி உயிர் பிழைத்தால் அவன் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள், அம்மனுக்கு வெல்லம் வரும்வரை பொறுக்கவில்லை, எடையை முதலில் எடுத்துவிட்டாள், எடுத்ததை எங்கே வைப்பாள், ஊரில்தான் வைப்பாள். கேட்டவர்கள் நாலைந்து பேர் உலகம்மை வீட்டு வாசலில் போய் நின்று ஏசினார்கள்.

“ஒன் தம்பி பாரத்த ஊர் தலையிலயா எறக்கி வச்ச? நீ மட்டும் எதுல வச்சிருக்க, காட்டு பாப்போம்!”

உலகம்மை இடியாப்பம் அவித்து விற்கிறவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து நின்றாள். “எனக்கு ஒண்ணுமே வரலய்யா,” என்றாள். “எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கு ஒரு குண்டுமணி கனம்கூட வரல. தலையிலருந்து காலு வரைக்கும் தடவித் தடவிப் பாக்கேன். எங்கிட்டக் குடுங்களேன், மொத்தத்தையும் நானே சொமக்கேன்.” ஏசவந்தவர்கள் ஆளுக்கு ரெண்டு இடியாப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தலைநகரத்தில் அப்போது ஒரு குழு இருந்தது. தூக்குத் தண்டனையை நாடு முழுக்க நிறுத்திவைப்பதா, சட்டத்தைத் திருத்துவதா என்று யோசிப்பதற்காகப் போட்ட குழு. அதன் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. ஊரில் அவரைப் பெரிய ஜட்ஜம்மா என்றார்கள். எடை போன சேதி எட்டியதும் குழு ஏழுமடைக்கு வந்து கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தது. ஆவுடையப்பன்தான் முதலில் எழுந்தார். நெஞ்சுக் கனத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“பச்சப்பிள்ளயக் கொன்னவனுக்கு என்னம்மா ஆராய்ச்சி? எம் பிள்ள செத்ததுக்கு எந்தக் குழு வந்துச்சு?”

மண்டபமே கை தட்டியது. ஜட்ஜம்மா, அந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று சொன்னார். பதில் இல்லை என்று ஒரு நீதிபதி சொல்லி ஊர் அதுவரை கேட்டதில்லை. அதன்பின் இலவச வக்கீலைக் கூப்பிட்டு, கட்சிக்காரரோடு முதன்முதலில் எப்போது பேசினீர்கள் என்று கேட்டார். வக்கீல் நாக்கைத் தூக்கமாட்டாமல் தூக்கி, “தீர்ப்பன்னைக்கு” என்றார். பொன்னுலிங்கத்தின் வக்கீல் எத்தனை தடவை பேசினார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

“அவன் செய்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை,” என்றார் ஜட்ஜம்மா. “செய்தவர்களில் யாரைக் கொல்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நாம் எப்படித் தீர்மானிக்கிறோம் என்பதில்தான் சந்தேகம். அது தெளிகிறவரைக்கும் கயிற்றைக் கீழே வைப்போம். எல்லோருக்கும்.”

பின்வரிசையில் இருந்த செண்பகவடிவு இடுப்பைச் சற்றே சாய்த்து, கனத்தை வாகாக வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். அவளுக்கு அந்த அம்மாள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழு எழுதிக் கொடுத்ததை அரசாங்கம் வாங்கிப் படித்தது. படித்து, யோசித்து, சுருக்கி, கடைசியில் ஒரு உத்தரவு போட்டது. கைதி மாடக்கண்ணுவின் முழு எடையும் திரும்பும்வரை நாட்டில் எல்லாத் தூக்குகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன, சட்டத் திருத்தம் பரிசீலனையில் இருக்கிறது. அவ்வளவுதான். ஜட்ஜம்மா உத்தரவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

முழு எடையும் எப்படித் திரும்பும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வழியைக் கண்டுபிடித்தவர் வைகுண்டம் அண்ணாச்சி. முழங்கால் வலி பொறுக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை நேராகச் சிறைக்குப் போய், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்திருந்த மாடக்கண்ணுவைப் பார்த்து, “ஏல, ஒன் பாரம் எனக்கு எதுக்குல? நீயே வச்சிக்க” என்று ஏசினார். ஏசி முடித்ததும் முழங்கால் லேசாகிவிட்டது. மருத்துவர் மாடக்கண்ணுவை ஓடிப்போய்த் தராசில் ஏற்றினார். முள் மயிரிழை அசைந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? சிறை வாசலில் வரிசை நின்றது. வரிசைக்கு ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்கு ஒரு வடைச்சட்டி வந்தது. வந்தவர்கள் உள்ளே போனார்கள், ஒன் பாரம் ஒங்கிட்ட என்றார்கள், கையை வீசிக்கொண்டு வெளியே வந்தார்கள். மாடக்கண்ணு ஒவ்வொருவரும் சொல்லச்சொல்லத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டான், மண்டியில் முதுகை வளைத்து மூட்டை வாங்குகிற மாதிரியே. நீதிபதி கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் வந்துபோனார். வக்கீல் வந்தார், தோட்டக்காரர் வந்தார், கைக்குழந்தைகளின் பங்கைத் தாய்மார்கள் வந்து சொல்லி இறக்கினார்கள். ஆவுடையப்பன் வந்து நெஞ்சுக் கனத்தை இறக்கிவிட்டுப் போனார். அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார். ஆனால் அதன்பிறகு ஆட்டோ ஓட்டும்போது, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்போல் அடிக்கடி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

உலகம்மை மட்டும் வரிசைக்கு எதிர்த்திசையில் நடந்தாள். வீடு வீடாகப் போய், “கொஞ்ச நாளைக்கு வச்சிக்கிடுங்க தாயி, ஒங்க வேலையெல்லாம் நான் பாக்கேன்” என்று கெஞ்சினாள். முழங்கால்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், முதுகுக்காரிகளுக்குத் தண்ணீர் தூக்கினாள், தோள்காரர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அவளுக்காகச் சிலர் கூடுதலாகச் சில மாதம் சுமந்தார்கள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது, சலித்துப்போனார்கள், அவ்வளவுதான். உலகம்மை ஏறாத வாசல் ஒன்றே ஒன்றுதான். செண்பகவடிவின் வாசல். அந்தத் தெருமுனைக்கு வந்தாலே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

கடைசியில் முள் ஏறி ஏறி, கைதாகும்போது பார்த்த எடைக்குக் கொஞ்சம்போலக் கீழே வந்து நின்றுவிட்டது. ஊரில் கனம் மிச்சமிருந்தது செண்பகவடிவிடம் மட்டும்தான். கண்காணிப்பாளர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். காம்பு கிள்ளும் பெண்கள், “ஏளா, தூக்குல போடச் சொன்னவளே நீதான, நீ என்ன இன்னும் வச்சிக்கிட்டு இருக்க?” என்று கேட்டார்கள். ஆவுடையப்பன் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “நம்ம பிள்ளைக்கு நியாயம் ஒன் இடுப்புல நிக்கி. நாளைக்கு வா, நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரி, வாறேன்,” என்றாள் அவள். வராமலிருக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை. இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கனம் ஒரு இடைஞ்சலும் செய்யவில்லை என்பது மட்டும் தெரியும். காம்பு கிள்ளும்போது அது மடியோரம் சரிந்து சாய்ந்துகொள்ளும், படுத்தால் விலாவோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் பட்டப்பகலில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அவளை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கண்காணிப்பாளர் நின்றார், தராசோடு மருத்துவர் நின்றார். மாடக்கண்ணு தலையைத் தூக்கவில்லை. அவள் சொல்ல வந்த நாலு வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

“எம் பிள்ள ஒங்கூட எதுக்குல வந்துச்சு?”

எந்த வழியாகப் போனான், எப்போது போனான், தோட்டை எங்கே ஒளித்தான் என்று நீதிமன்றத்தில் எல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

“தூக்கச் சொல்லுச்சும்மா,” என்றான் மாடக்கண்ணு. “மண்டி வாசல்ல அழுதுட்டு நின்னுச்சு. என்ன பிள்ளன்னேன். கால் வலிக்கு, தூக்குன்னுச்சு. அம்மாட்டப் போவேண்டியதுதானன்னேன். அம்மாவுக்குக் கை காந்துது, தூக்கமாட்டாவ, எங் கண்ணுல பட்டுரும்லான்னுச்சு.”

செண்பகவடிவு இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். மிளகாய்க் காம்பு கிள்ளுகிற எந்தத் தாயும் வேலைநேரத்தில் பிள்ளையைத் தொடமாட்டாள். நகக்கண்ணில் ஏறிய காரம் பிள்ளையின் கண்ணை எரித்துவிடும். அன்றைக்குக் கோமு காலைக் கட்டிக்கொண்டு தூக்கு தூக்கு என்று அழுதாள். கையெல்லாம் காந்துது, தூக்கமாட்டேன், போ என்று இவள் முழங்கையால் தள்ளிவிட்டாள். போ என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் இதுநாள்வரை யாரிடமும் சொன்னதில்லை.

“கோவமாவா சொல்லுச்சு?”

“இல்லம்மா. ஒங்களுக்காவப் பேசுத மாதிரிதான் சொல்லுச்சு.” அவன் இடது தோளைத் தடவினான். “இந்தத் தோள்லதான் கிணறு வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். எத்தன மூட ஏத்தி எறக்கியிருக்கேன், எறக்கி வச்சா கனம் போயிரும். இது போவல. அன்னைலருந்து இங்கனயே இருந்துச்சு. எடை பாத்த அன்னைக்குத்தான் போச்சு. மத்தவங்க கொண்டாந்து தந்ததுல அது இல்ல. எங்க போச்சோ தெரியல.”

செண்பகவடிவுக்குத் தெரிந்தது. அது எங்கே போயிருக்கிறது என்று அவள் இடுப்புக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவளுக்குத்தான் இப்போது தெரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

“சொல்லிருங்கம்மா,” என்றான் மாடக்கண்ணு. “எனக்கும் போதும்.”

“சொல்லும்மா,” என்றார் கண்காணிப்பாளர். “நாலு வார்த்தை. முடிந்துவிடும்.”

“தரமாட்டேன்,” என்றாள் செண்பகவடிவு.

“அவனை மன்னித்துவிட்டாயா?”

“மன்னிக்கல. கட்டையில வேவுற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். அவன் இருக்கட்டும், சாவட்டும், அது ஒங்க பாடு. ஆனா இது அவன் பாரம் இல்ல. எம் பிள்ள. இத எப்படி நான் அவங்கிட்டத் திரும்பக் குடுப்பேன்?”

அவள் எழுந்து வெளியே வந்தாள். டீக்கடை ஓரம் ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஆவுடையப்பன், அவள் வலது பக்கமாகச் சாய்ந்து நடந்து வருகிற நடையைப் பார்த்தே புரிந்துகொண்டார். கோபத்தில் வாயைத் திறந்தார். உள்ளே மாடக்கண்ணு சொன்னதை அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணைச் சிமிட்டவே இல்லை. பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவர்போல, “ஏளா, நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிடவா?” என்று இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் இடுப்பை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள். கைகளில் ஒன்றும் வரவில்லை. நீட்டிய கைகளை மடக்கத் தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

உத்தரவு உத்தரவாகவே இருந்தது. முழு எடை திரும்பவில்லை. அதனால் நாட்டில் எந்தச் சிறையிலும் கயிறு இறங்கவில்லை. சட்டத் திருத்தம் பரிசீலனையில் இருந்தது. நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஜட்ஜம்மா ஒருதடவை குழுவின் காரில் இல்லாமல் பஸ்ஸில் வந்து செண்பகவடிவைப் பார்த்தார். “நாடு சுமக்க வேண்டியதை உங்கள் இடுப்பில் வைத்துவிட்டோம்,” என்றார். “ஒக்காருங்க, மோரு தாரேன்,” என்றாள் செண்பகவடிவு. இப்போது அந்த அம்மாள் மேல் அவளுக்கு ஆத்திரம் இல்லை, பரிதாபமாக இருந்தது.

அதற்கெல்லாம் முன்னால், செண்பகவடிவு சிறையிலிருந்து திரும்பி வந்த அன்றே அவள் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது, மறுநாள் குழாயடியில் கூட்டமாக இருந்தது. செண்பகவடிவு குடத்தை நிரப்பிவிட்டு வலது இடுப்புக்குத் தூக்கக் குனிந்தாள். அதற்குள் ஒரு கை வந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தது. உலகம்மையின் கை.

“நீங்க பிள்ளய வச்சிருக்கிய,” என்றாள் உலகம்மை, தரையைப் பார்த்துக்கொண்டு. “கொடத்த நான் தூக்குதேன் தாயி.”

செண்பகவடிவு முன்னால் நடந்தாள். உலகம்மை குடத்தோடு பின்னால் வந்து, வாசற்படிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, படி ஏறாமல் போனாள். அதன்பிறகு தினமும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மண்டி விட்டு வந்ததும் செண்பகவடிவு புளித்த மோரை ஊற்றிக் கைகளைக் கழுவுவாள். நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவித் துடைத்து, காந்தல் போய்விட்டதா என்று தன் கண்ணிமையில் ஒரு விரலை வைத்துப் பார்ப்பாள். எரியவில்லை என்று தெரிந்தபிறகுதான் இடுப்பில் இருப்பதைக் கையால் அணைத்துக்கொள்வாள். கோமுவோடு விளையாடிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், தாவணி போட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணமும் ஆகிக் கைக்குழந்தையோடு பிறந்தவீட்டுக்கு வந்தாள். செண்பகவடிவின் இடுப்பில் இருந்தது மட்டும் வளரவே இல்லை.